மூன்றாம் பாகம்

விடுமுறையின் ஏழு நாளில்
ஆறு நாள் மழை.
வேல்ஸ் கரையில் இதை மழை என்பதில்லை.
"கொஞ்சம் ஈரம்" என்றார் விடுதிக்கார எலுனெத்,
கருகிய ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே.

கடல் பார்த்த அறை என்று வாடகை கூடுதல்.
ஜன்னலில் கடல் இல்லை.
யாரோ உலர்த்தப் போட்டு மறந்த
சாம்பல் கம்பளி மாதிரி
ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

மாடிப்படி வளைவில் ஓர் அலமாரி.
வந்தவர்கள் விட்டுப்போன சுடோக்கு,
தூண்டில் போடுவோர் கையேடு,
அப்புறம் ஊதா முதுகோடு
ஆறு தடித்த நாவல்கள்:
ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

நான் பர்மிங்ஹாமில்
காப்பீட்டு விண்ணப்பங்களை நிராகரிப்பவள்.
பணிவாக நிராகரிப்பேன். அதற்குத்தான் சம்பளம்.
முதல் பாகம், முதல் பக்கம்:
உயரத்துக்குப் பயந்த டிராகன் ஒன்று
ஏணி வைத்து இறங்கி வந்து
தானே எரித்த கோட்டைக்கு
நஷ்டஈடு கேட்கிறது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: இருமல்.
நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில்
சூனியக்காரி அரசனைக் கரண்டியாக்குகிறாள்
(சாபத்தைத் தவணை முறையில் தருகிறவள்;
முதல் மாதம் மூக்கு மட்டும்).
நான்காம் பாகத்தைத் திறந்தால்
கரண்டி ஆட்சி நடத்துகிறது.
குடிமக்கள் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.
நடுவில் என்னதான் ஆயிற்று?
முடியை எந்தப் பக்கம் வைத்தார்கள்,
குழிக்கா, காம்புக்கா?

"ஒன்பது வருஷமாக எல்லாரும் கேட்கிறார்கள்"
என்றார் எலுனெத்.
"நல்ல புத்தகத்துக்குக் கால் முளைக்கும்."
ஆறுதலாக ஒரு டிக்கெட் நீட்டினார்:
ஊர் மண்டபத்தில் இசைநாடகம், பாதி விலை.

கலங்கரை விளக்கக்காரனின் காதல்.
நாயகன், காலையில் ரொட்டி கருக்கிய
எலுனெத்தின் கணவர் டெக்வின்.
அவர் வாய் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இந்தக் குரலை வைத்துக்கொண்டா மனிதர்
தினமும் "முட்டை அவித்ததா, பொரித்ததா"
என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்?

கடல் ஒரு நீலத் துணி.
இரு முனையிலும் பள்ளிச் சிறுமிகள்.
ஒருத்தி கொட்டாவி விட்டாள்;
அந்தப் பக்கம் கடல் தாழ்ந்தது.
ஒரு மீனவரின் மீசை மட்டும்
நீந்திக் கரையேறியது.

கடைசிக் காட்சி. புயல்.
சாகும் தறுவாயில் டெக்வின்
விளக்கு கேட்டுக் கை நீட்டுகிறார்.
காதலி ஓடி வருகிறாள்.
இருட்டில் எதையோ எடுத்திருக்கிறாள்,
முதல் காட்சிச் சமையலறையில்
சூப் கிண்டிய பித்தளைக் கரண்டி.
டெக்வின் ஒரு கணம் பார்த்தார்.
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
"ஒளியே" என்று பாடினார்.

மண்டபமே கண்ணைத் துடைத்தது.
நான் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டேன்.
சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.
அப்போதுதான் முன்வரிசையில்
இன்னொரு முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.
"வாழ்க மன்னர்" என்றது அந்த முதுகு, மெதுவாக.

பெயர் ஹெஸ்டர். ஷ்ரூஸ்பரியில் குதிரை வைத்தியர்.
பொரித்த மீன் கடைக் கூரையடியில் பிடித்துவிட்டேன்.
தோள்பையிலிருந்து
ஊதா முதுகு எட்டிப் பார்த்தது.
வருஷா வருஷம் திருப்பி வைக்கத்தான் வருகிறாளாம்.
வருஷா வருஷம் ரயிலில் திறந்து தொலைக்கிறாளாம்.
"தாமதத்துக்குக் காரணம்?" என்றேன்,
அலுவலகக் குரலில்.
கொஞ்சம் யோசித்தாள்.
"இருமல்."
அங்கேயே ஏற்றுக்கொண்டேன்.

முடிசூட்டு விழா இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அவள் உரக்கப் படிக்க, நான் குடை பிடித்தேன்.
வினிகர் வாசம். காகிதத்தில் ஈரம்.
பாதி வேஷம் கலைத்த டெக்வின்
எப்போது வந்து நின்றார் தெரியாது.
"அட, காம்புக்கா!" என்றார்
ஒன்பது வருஷத்து மூச்சை விட்டபடி.

ஏழாம் நாள் நல்ல வெயில்.
கடல் வந்திருந்ததாகச் சொன்னார்கள்.
நான் ஐந்தாம் பாகத்தில் இருந்தேன்.